மாமாவின் சட்டைக்கு ஒரு சட்டம்

“மாலை மாட்டக் கொக்கி வைத்துவிடட்டுமா, ஜீரோ வாட் பல்பு மட்டும் போதுமா?”

2012இல் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர்மேல் குற்றமில்லை. பையிலிருந்து எடுத்து நான் அவர் மேசைமேல் விரித்தது ஒரு பழைய, கையில்லாத பனியன். பழுப்பேறிய வெள்ளை. கழுத்திலும் அக்குளிலும் நீலப் பட்டி. நெஞ்சில் சிவப்பில் 4. ஒருவர் உடுப்பைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்று வந்து நிற்பவன் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைக்காரர் குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார். “அண்ணனுங்களா?” என்று கேட்டார்.

“மாமா. நன்றாகத்தான் இருக்கிறார். கபடி ஆடியவர்” என்றேன்.

நிம்மதியைவிடக் குழப்பம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது.

நம் வீடுகளில் கண்ணாடிக்குள் போகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். சாமிகள், காலமானவர்கள், கல்யாண ஜோடி, அங்கி போட்டுக்கொண்டு பட்டம் வாங்கிய பிள்ளை. உயிரோடு இருந்து, சாமியும் ஆகாமல், அன்று கல்யாணமும் செய்துகொள்ளாத ஒருவருடைய பனியனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. என் அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “உயிரோடு இருக்கிறவன் உடுப்பை ஆணியில் தொங்கவிடுகிறாயே” என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவருடைய உடன்பிறந்த தம்பி அல்லவா.

அம்மா பயந்ததில் பாதி நடந்தது. மாமா கட்டிய புது வீட்டின் புகுவிழாவுக்கு அந்தச் சட்டத்தைத்தான் பரிசாகக் கொடுத்தேன். கூடத்தில் மாட்டினோம். வந்திருந்த தூரத்து உறவினர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், “எப்போது தவறினார்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர் மாமாதான். கையில் காபித் தட்டு. “இன்னும் இல்லைங்க, சர்க்கரை போதுமா பாருங்கள்” என்றார்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலை ஒன்றே ஒன்று: தைத்து வரும் பீஸை விளக்கொளியில் விரித்துப் பிழை கண்டுபிடிப்பது. ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், பிசிர், பட்டி கோணல். சரிசெய்ய முடிந்தால் ஆல்டருக்குப் போகும், முடியாவிட்டால் ரிஜெக்ட். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாமாவின் பனியனை முதல்முறை கையில் எடுத்தபோது நான் மருமகனாகப் பார்க்கவில்லை, செக்கராகப் பார்த்தேன். அந்தப் பார்வையில் அது ஒரு படுமோசமான பீஸ்.

முன்பக்கம் பரவாயில்லை. ஊர்க் குழுவின் பெயர் வளைவாக, அதன்கீழ் 4. ரப்பர் பிரிண்ட். அந்தக் காலத்து இன்டர்லாக் துணி, முழுப் பருத்தி, கையில் எடுத்தால் கனம் தெரியும். வலப்பக்க விலாவில் செம்மண் கறை. பின்பக்கத்தில் எண்ணே கிடையாது. ஒரு பக்கம் அச்சடிக்கத்தான் குழுவிடம் காசு இருந்ததாம். அந்த வெற்று முதுகில், இடது தோளுக்குக் கீழே, நான்கு அங்குலத்துக்கு ஒரு கிழிசல். வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால், கோழி கிளறிய மாதிரி தைத்திருந்தது. அம்மாயியின் கைவேலை. வீட்டில் அன்றைக்கு இருந்தது கறுப்பு நூல்தான் போலும்.

அந்தக் கிழிசலுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் குடும்பத்தில் அது தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டுமே. 1993, கோயில் திருவிழாவையொட்டி நடந்த போட்டி, இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் மாமா பாடிப் போகிறார். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரம். அப்போது பின்னாலிருந்து ஒருவன் பனியனைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். துணி கிழிந்தது, மாமா விழுந்தார், பாட்டு நின்றது. கபடியில் பாடி வருபவரின் கை காலையோ உடம்பையோதான் பிடிக்கலாம்; உடுப்பைப் பிடிப்பது தவறு. “நடுவர் பார்க்கவில்லை” என்பார் மாமா. 30 ஆண்டுகளாக அதே வாக்கியம், அதே இடத்தில் ஒரு பெருமூச்சு.

நான் என்ன செய்தேன்? முன்பக்கம் தெரியும்படி சட்டம் போடச் சொன்னேன். கிழிசல் அட்டையின் பக்கம் போய்விட்டது. ஒளித்தேன் என்று நினைக்கவில்லை. நல்ல பக்கத்தைக் காட்டினேன் என்றுதான் நினைத்தேன். பார்சல் செய்யும்போது நாங்கள் எல்லோரும் செய்வது அதுதானே. மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. பரிசு கொடுத்தவனிடம் என்ன சொல்வார்?

பத்து ஆண்டு கழிந்தது. 2022இல் ஆயுத பூசைக்கு வீடு துடைத்தபோது அத்தைதான் முதலில் பார்த்தார். பனியனின் தோளில் பழுப்பாக இரண்டு புள்ளிகள். அடியில் மூன்று. வலது ஓரமாகக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்த மாதிரி ஒரு மங்கல். என்னைக் கூப்பிட்டார்கள். துணி விஷயம் என்றால் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மருத்துவமனைக்கு முன்னால் ஊர் வைத்தியரைக் கூப்பிடுவது மாதிரி.

சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்தோம். பின்னால் காக்கித் தாள். அதன்கீழ் ஹார்ட்போர்டு, சுற்றிலும் ஆணி. அதன்கீழ் இடைவெளி நிரப்ப நான்காக மடித்த செய்தித்தாள். தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அதன்கீழ் அட்டை. அட்டையில் பனியனைத் தோளிலும் அடிமடிப்பிலும் வெள்ளைப் பசையால் ஒட்டி, பற்றாததற்கு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். பழுப்புப் புள்ளிகள் அந்தப் பின்களின் துரு. செய்தித்தாளும் ஹார்ட்போர்டும் காலப்போக்கில் அமிலத்தைக் கசியவிடும் சரக்குகள்; பருத்தி அந்த அமிலத்தில் மெல்ல மஞ்சளாகி வலுவிழக்கும். பத்து ஆண்டு அந்தப் பனியன் ஊறுகாய் ஜாடிக்குள் இருந்திருக்கிறது.

அதுகூடப் பெரிதில்லை. அட்டையோடு பனியனைத் தூக்கியபோது கண்ணாடியும் கூடவே வந்தது.

நெஞ்சிலிருந்த 4, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ரப்பர் பிரிண்ட் என்று நாங்கள் சொல்வது பிளாஸ்டிக் கலந்த மை. சூட்டில் இளகும். மேற்குப் பார்த்த சுவர், சித்திரை வெயில், இடைவெளியே இல்லாமல் மேலே அழுத்தும் கண்ணாடி: வேறு என்ன ஆகும்? ஒரு பக்கம் மாமா கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, நான் துணியை ஓரத்திலிருந்து முடி முடியாக விடுவித்துக்கொண்டு வந்தேன். செய்த தொழிலெல்லாம் மறந்துபோய் உள்ளங்கை வியர்த்தது. ஈர ஸ்டிக்கரை உரிக்கும் சத்தம். கடைசியில் 4இன் செங்குத்துக் கால் முழுதும், குறுக்குக் கோட்டில் பாதியும் கண்ணாடியில் தங்கிவிட்டன. பனியனில் மிஞ்சியது சிவப்புத் திட்டுகளும், எண் இருந்த இடத்தில் பழுக்காத வெள்ளையில் ஒரு 4இன் நிழலும்.

யாரும் பேசவில்லை. பிறகு மாமா பனியனை அட்டையிலிருந்து பிரித்துத் திருப்பினார். கறுப்புத் தையல் அப்படியே இருந்தது. “இதற்கு ஒன்றும் ஆகவில்லை, மாப்பிள்ளை” என்றார். அவர் குரலில் இருந்தது ஆறுதலா மகிழ்ச்சியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அந்தக் கடைக்காரர் சாமி படத்துக்கு எப்படிச் சட்டம் போடுவாரோ அப்படியேதான் இதற்கும் போட்டார். தாள் தட்டையாக இருக்கும். கண்ணாடியை அதன்மேல் வைத்து, பின்னால் பலகை கொடுத்து, ஆணி அடித்து, தாள் ஒட்டி மூடிவிட்டால் வேலை முடிந்தது. முருகனை யாரும் வெளியே எடுத்துப் பார்க்கப்போவதில்லை. துணி அப்படியில்லை. அதற்குக் கனம் உண்டு, ஈரத்தை வாங்கிவிடும் சுபாவம் உண்டு, அதிலும் பின்னலாடைக்கு இழுத்த பக்கம் நீளும் குணம் உண்டு. ஒரு நாள் திறக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே மூட வேண்டிய பொருள் அது.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்தவற்றில் என்னைக் கட்டிப்போட்டது மரடோனாவின் நீலச் சட்டை. 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டியின் அஸ்டெகா அரங்கம், உலகக் கோப்பைக் காலிறுதி, இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினா. கையால் தட்டிய கோலும், பாதி மைதானத்தைக் கடந்து அடித்த கோலும் ஒரே சட்டையில். ஆட்டக் கதை எல்லோருக்கும் தெரியும். துணிக் கதைதான் எனக்கு முக்கியம். அர்ஜென்டினாவிடம் இருந்த நீலப் பருத்திச் சட்டைகள் அந்த வெயிலுக்குக் கனம் என்று பயிற்சியாளர் பிலார்டோ கவலைப்பட்டார். குழுவைச் சேர்ந்த ஒருவர் மெக்சிகோ சிட்டிக் கடைகளில் தேடி, லேசான நீலச் சட்டைகளை வாங்கி வந்தார். அவசர அவசரமாகச் சின்னத்தைத் தைத்து, வெள்ளி மினுக்கில் எண்களை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். ஒரு செக்கராக எனக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிகிறது: நாளை கப்பல், இன்று இரவு பிரிண்டிங். நூறு பீஸுக்கு நூறு விதமாக வந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் மரடோனா அந்தச் சட்டையை ஸ்டீவ் ஹாட்ஜ் என்ற இங்கிலாந்து வீரரிடம் மாற்றிக்கொண்டார். முதல் கோலுக்கு முன்னால் பந்தைத் தன் கோல்கீப்பரை நோக்கித் தவறி உயர்த்தியடித்தவர் அவர்தான்; ஒரு வகையில் உரியவரிடம்தான் போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் அது இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இரவலாக இருந்தது. 2022 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, இது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்த சட்டை வேறு என்று மரடோனா குடும்பத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. இரண்டு கோலும் இரண்டாம் பாதியில் விழுந்தவை. ஏல நிறுவனம் என்ன செய்தது? அன்றைய புகைப்படங்களை எடுத்துச் சட்டையின் சின்னம், கோடுகள், எண் இவற்றின் நுணுக்கங்களோடு ஒப்பிட்டு, இரண்டாம் பாதிச் சட்டைதான் என்று நிறுவியது. 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

அதாவது, நான் மேசையில் விரித்திருந்தால் ரிஜெக்ட் முத்திரை குத்தியிருப்பேனே, அந்த வகைக் கோணல்கள்தான் அதற்குச் சாட்சி சொல்லின. எல்லாச் சட்டையும் என் செக்கிங் மேசையைத் தாண்டி வந்தவைபோல ஒரே அச்சாக இருந்திருந்தால் எது எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. இதைப் படித்த இரவு மாமாவின் பனியனை மறுபடி எடுத்து முதுகுப் பக்கம் விரித்தேன். பின்னலாடை வெறுமனே பழசானதால் கிழிந்தால் ஓட்டை வட்டமாக விரியும். இந்தக் கிழிசல் ஒரே திசையில், தோளிலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாக ஓடியிருந்தது. இரண்டு ஓரத்திலும் கண்ணிகள் இழுபட்டு நீண்டிருந்தன. ஒரு கை கொத்தாகப் பிடித்து இழுத்த கிழிசல். மாமா சொன்னது உண்மை. இருபது ஆண்டு துணி பார்த்தவன், அதைப் பார்க்காமலேயே அட்டைப் பக்கம் திருப்பி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது சட்டத்தை நாங்களே செய்வது என்று முடிவானது. முதல் சண்டை, துவைப்பதா வேண்டாமா என்பது. அத்தை ஒரு வாளியில் சலவைத்தூளே கரைத்துவிட்டார். வியர்வை உப்பு துணிக்குக் கேடு, அது உண்மை. புதிதாக ஆடிய ஜெர்சி என்றால் வாசனையில்லாத மெல்லிய சோப்பில் அலசிவிட்டு மாட்டுவதே நல்லது. ஆனால் இந்தப் பனியனை அம்மாயி அந்தக் காலத்திலேயே கல்லில் அடித்துத் துவைத்தாயிற்று. அதையும் தாண்டி நின்றது அந்தச் செம்மண். அதைப் போக்கினால் என்ன மிச்சம்? எங்கள் கம்பெனியில் துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் தொடுவோம், நொடியில் போய்விடும். கையில் பஞ்சோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய பருத்திக்கு அமிலம் இன்னொரு அடி. வைத்துவிட்டேன். துருவும் இருக்கட்டும், அது என் பிழையின் கறை. கொசுவலைத் துண்டை மேலே விரித்து, வாக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசு மட்டும் எடுத்தேன். வலை எதற்கென்றால், நூலையோ உதிரும் அச்சையோ இயந்திரம் இழுத்துவிடக் கூடாது என்பதற்கு.

அடுத்தது, எதில் மாட்டுவது. பின்னலாடையைத் தோளில் இரண்டு இடத்தில் பிடித்துத் தொங்கவிட்டால் தன் எடையாலேயே கீழே வடியும். இரண்டே ஆண்டில் ஆறு வயதுப் பையன் தன் அப்பா பனியனைப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எடையை உடம்பு முழுதும் தாங்க வேண்டும். அமிலம் இல்லாத கெட்டி அட்டையைப் பனியனைவிடக் கால் அங்குலம் சிறிதாக, மார்பு வடிவில் வெட்டினேன். கட்டிங் மாஸ்டர் நண்பர் ஒருவர் பேட்டர்ன் போட்டுக் கொடுத்தார். அதன்மேல் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு, அதன்மேல் காடாத் துணி. காடாவை மூன்று முறை வெந்நீரில் அலசினேன். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. உள்ளே முன்பக்கம் வரும் இடத்தில், மிஞ்சிய ரப்பர் அச்சு மறுபடி எதிலும் ஒட்டாமலிருக்க, ஸ்டிக்கர் உரித்தபின் எறிவோமே, அந்தச் சிலிக்கோன் பூசிய தாளைப் புதிதாக வாங்கி வைத்தேன்.

பிறகு அந்த அட்டைக்குப் பனியனை உடுத்திவிட்டோம். ஆம், உடுத்தினோம் என்றுதான் சொல்ல வேண்டும். மாமா கையைத் தூக்கச் சொல்வதுபோல அட்டையைச் சாய்க்கச் சொன்னார். கழுத்து வழியும் அடிவழியும் அட்டையின் நாக்கு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பின்பலகையோடு பிணைத்திருப்பது அந்த நாக்கைத்தான். பனியனை எதுவும் பிடித்திருக்கவில்லை. நழுவாமலிருக்க ஒன்பது இடத்தில் மட்டும் தையல், அதுவும் தையல் மடிப்புக்குள். முனை மழுங்கிய ஊசி. கூர் ஊசி கண்ணியை அறுத்துவிடும், அறுந்த கண்ணி ஏணிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். மழுங்கிய ஊசி கண்ணிகளை விலக்கிவிட்டு நடுவில் புகும். திருப்பூரில் தையல் பழக வரும் பெண்பிள்ளைக்கே தெரிந்த விஷயம். ஸ்டேப்ளர் அடித்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சட்டத்துக்குத் தச்சர் ஒருவரைப் பிடித்தோம். துணிக்கும் முன்மூடிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி வரும்படி பெட்டிபோல ஆழமான சட்டம். மரத்தின் உள்பக்கம் முழுதும் அலுமினிய ஒட்டுநாடா, மரத்திலிருந்தும் அமில ஆவி வரும் என்பதால். மேலே கண்ணாடியா அக்ரிலிக்கா என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். 30க்கு 36 அங்குலத்துக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறத்தாழ ஏழு கிலோ. 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் இரண்டரை கிலோ. அக்ரிலிக்கில் கீறல் விழும், தேய்த்தால் மின்னேற்றம் கொண்டு தூசியை இழுக்கும். ஆனால் பேரக் குழந்தைகள் பந்து ஆடும் கூடம். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்கே போட்டோம். விலை, சட்டத்தையும் தச்சர் கூலியையும் சேர்த்ததைவிட அதிகம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

தச்சருக்கு ஒரே ஒரு மனக்குறை. பின்பலகையை ஆணியடிக்க விடவில்லை நான். ஆறு திருகாணி மட்டும். “ஆணி அடித்தால் ஆயுசுக்கும் அசையாதுங்க” என்றார்.

“அசைய வேண்டும்” என்றேன். “ஐந்து நிமிடத்தில் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும்.”

“அப்புறம் எதற்குச் சட்டம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரிடம் ஒரு திருப்புளியைக் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

மாட்டும் இடத்தையும் மாற்றினோம். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது கணக்கு. நடுப்பகல் நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். புற ஊதாவை மட்டும் தடுத்தால் போதாது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே சாயத்தைத் தின்னும், தின்றது திரும்பி வராது. எனவே மேற்குச் சுவரும் வேண்டாம், ஜன்னலுக்கு எதிரும் வேண்டாம், குளியலறைச் சுவரும் வேண்டாம், சாம்பிராணி போடும் பூசையறைப் பக்கமும் வேண்டாம். கழித்துக் கழித்துக் கடைசியில் மாடிப்படிக்குத் திரும்பும் இருட்டு முனை கிடைத்தது. சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் தக்கைத் துண்டு, சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்று ஓட. அந்துருண்டை போடலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன், அந்த ஆவி பிளாஸ்டிக் அச்சை இளக்கக்கூடும்.

இந்தப் பெருமையெல்லாம் கம்பெனியில் பரவி, இப்போது ஜெர்சிச் சட்டம் என்றால் என்னிடம் கேட்கிறார்கள். சமீபத்தில் உடன் வேலை செய்பவர் ஒருவர் மஞ்சள் கிரிக்கெட் ஜெர்சி ஒன்றைக் கொண்டுவந்தார், மார்க்கர் பேனாவில் போட்ட கையெழுத்தோடு. இப்போதைய ஜெர்சிகளின் துணியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை: பாலியஸ்டர், 200 டிகிரிச் சூட்டில் சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், மேலே உரிய எதுவும் இல்லை. கையெழுத்துதான் ஆபத்து. துணி மஞ்சளாகவே இருக்கும், மை தவிட்டு நிறமாகி ஒருநாள் இல்லாமலே போகும். இரண்டு ஆண்டாக அதை எங்கே மாட்டியிருந்தார் என்று கேட்டேன். பால்கனிக் கதவுக்கு நேர் எதிரேயாம், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று. கையெழுத்து யாருடையது என்று இப்போது அவர்தான் எல்லோருக்கும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா வீட்டுச் சட்டத்தைக் கடைசியில் எந்தப் பக்கம் தெரிய மாட்டுவது என்ற கேள்வி எழவே இல்லை. பின்பக்கம்தான். அத்தைக்கு மட்டும் பெரிய வருத்தம்: “காசு செலவழித்துக் கிழிந்த பனியனை மாட்டி வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.” மாமா பதில் பேசாமல் படிக்கட்டில் இரண்டு படி ஏறி நின்று பார்த்தார். இறங்கி நின்று பார்த்தார். “நடுவர் எங்கே நின்றார் தெரியுமா?” என்று ஆரம்பித்து, படிக்கட்டையே மைதானமாக்கி, கைப்பிடிச் சுவரை நடுக்கோடாக்கி, முழுக் கதையையும் எனக்கு மறுபடி சொன்னார். இந்தமுறை கிழிசலைத் தொட்டுக் காட்ட அவருக்கு வசதியாக இருந்தது.

வேலை முடிந்து சாமான்களை ஒதுக்கும்போதுதான், “பழைய கண்ணாடியை எங்கே போட்டாய்?” என்று கேட்டார். எறிய மனம் வராமல் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன். எடுத்துவந்து கொடுத்தேன். போர்வையை விலக்கினார். செங்குத்துக் காலும் பாதிக் குறுக்குக் கோடும் சிவப்பாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. என் பக்கமிருந்து பார்க்க எண் இடவலம் மாறித் தெரிந்தது. அவர் கண்ணாடியைத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து, தன் வெள்ளைச் சட்டையின் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இப்போது 4 நேராகத் தெரிந்தது.

“கையை அறுத்துக்கொள்ளப் போகிறீர்கள், கீழே வையுங்கள்” என்று சமையலறையிலிருந்து அத்தை சத்தம் போட்டார்.

“ஒரு நிமிடம் இரு” என்றார் மாமா.